பெட்டி கட்டும் முன் நாயின் எண்ணை மாற்றுங்கள்

வீடு மாறிய அன்று மாலை நாலரை மணிக்கு என் நாய் செவலை புது வீட்டு வாசலைத் தாண்டி ஓடினான். ஐந்தாம் நாள் விடியற்காலையில்தான் திரும்பக் கிடைத்தான். அவன் ஓடியதைக்கூட மனசு ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலமே அவன் ஒரு நல்ல மனிதர் கையில் பத்திரமாக இருந்திருக்கிறான். அவர் மெனக்கெட்டு அவனைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்கிறார். தோலுக்கடியில் இருந்த மைக்ரோசிப்பைப் படித்து, அதன் பேரில் பதிவாகியிருந்த போன் எண்ணுக்கு நாலு முறை கூப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். அது நான் விட்டு இரண்டு வருஷம் ஆன எண். "உபயோகத்தில் இல்லை" என்ற பதில்தான் நாலு தடவையும் வந்திருக்கிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. நாயோடு வீடு மாறப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்து, இப்போதே எழுந்துபோய் அந்த ஒரு எண்ணைச் சரிபார்த்தால் போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

தப்பு எங்கே தொடங்கியது என்று யோசித்தால் முந்தின நாள் ராத்திரிக்குப் போக வேண்டும். புது வீட்டுக்குச் சுத்தமாக வரட்டும் என்று அவனைக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டுவதற்காகப் பெல்ட்டைக் கழற்றினேன். அது நனைந்துவிட்டதால் கொடியில் காயப் போட்டேன். காலையில் சாமான் ஏற்றும் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றார்கள். அந்தப் பரபரப்பில் கொடியில் கிடந்ததையெல்லாம் அள்ளி ஒரு பையில் திணித்தேன். பெல்ட்டும், அதில் தொங்கிய பெயர்த் தகடும் அந்தப் பையோடு ஏதோ ஒரு பெட்டிக்குள் போய்விட்டன. அவன் அன்றைக்குப் பயணம் செய்தது கழுத்தில் ஒரு சாதாரணக் கயிற்றோடு. இன்னொன்றும் செய்தேன். அவன் மெத்தையையும், அவன் முகம் புதைத்துத் தூங்கும் என் பழைய போர்வையையும் அன்றைக்கே துவைத்துவிட்டேன். நாய் மூக்கால்தான் வீட்டை அறிகிறது. அவனுக்குப் பழகின வாசனை எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் சோப்புப் போட்டு அழித்துவிட்டு, மறுநாள் முன்பின் தெரியாத இடத்தில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். வீடு மாறும்போது நாயின் படுக்கையைத் துவைக்காதீர்கள். அழுக்காகவே வரட்டும். புது வீட்டில் முதலில் விரிக்கப்படுவது அதுவாக இருக்கட்டும்.

புது வீட்டில் அவனைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். கயிறு காலில் சிக்கிக்கொள்கிறதே என்று அதையும் அவிழ்த்துவிட்டேன். சாமான் இறக்கும் ஆட்களில் மூத்தவரிடம், "அண்ணே, அந்த ரூம்ல நாய் இருக்கு, கதவைத் திறந்துராதீங்க" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் அவர் கீழே வண்டியில் இருந்த நேரத்தில் கட்டிலைத் தூக்கிவந்த பையனுக்கு அது தெரியாது. கட்டில் போக வேண்டியது படுக்கையறைக்கு. கதவைத் திறந்தான். நான் சமையலறையில் இருந்தேன். தரையில் நகம் சறுக்குகிற சத்தம் கேட்டது, அதன் பின்னாலேயே "அக்கா, நாய் போகுது!" என்ற சத்தம். நான் வாசலுக்கு வருவதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டான். அங்கே ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்தான். காது இரண்டும் பின்னால் ஒட்டிக் கிடந்தன, வால் வயிற்றுக்கடியில் போயிருந்தது. நானும் என் பின்னால் மூன்று பேரும் கத்திக்கொண்டே அவனை நோக்கி ஓடிக்கொண்டிருந்தோம். அந்தக் கோலத்தில் எங்களைப் பார்த்ததும் திரும்பிப் பறந்துவிட்டான்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. கட்டில் போய்ச் சேர வேண்டிய அறையில் நாயை அடைத்தது நான். நாயை விடுவதானால் எந்தச் சாமானும் உள்ளே வரவோ வெளியே போகவோ வேண்டாத இடத்தில்தான் விட வேண்டும். குளியலறை நல்லது. சாத்தினால் போதாது, பூட்ட வேண்டும். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். கதவில் "நாய் உள்ளே, திறக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒருவரிடம் வாயால் சொன்னது நாலு பேருக்குப் போய்ச் சேராது. இதையெல்லாம்விட நல்ல வழி, அன்றைக்கு ஒரு நாள் அவனுக்குப் பழக்கமானவர்கள் வீட்டில் விட்டுவிடுவது. எல்லாச் சாமானும் இறங்கி, ஆட்கள் போய், வாசல் கதவு பூட்டிய பிறகு சாயங்காலம் கூட்டிவந்தால் போதும். நான் தனியாள். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று கூச்சப்பட்டேன். பிறகு ஐந்து நாள் ஊரையே தொந்தரவு செய்தேன்.

அன்று ராத்திரி பதினொரு மணி வரை தெருத் தெருவாக அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே அலைந்தேன். அது தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. பயந்து ஓடும் நாய், வீட்டில் நம் மடியில் படுத்திருக்கிற நாய் இல்லை. உயிர் தப்பினால் போதும் என்ற நிலையில் இருக்கும்போது வளர்த்தவர் குரலையும் முகத்தையும்கூட அது நம்பாது. கூப்பிடும் குரலில் பதற்றம் இருந்தால் இன்னும் விலகித்தான் போகும். நாலு பேர் சேர்ந்து தேடினால் அதன் கணக்கில் நாலு பேர் துரத்துகிறார்கள். இப்படி ஓடிய நாய்கள் பெரும்பாலும் பகலில் எங்காவது ஒடுங்கிக் கிடந்துவிட்டு, சந்தடி அடங்கிய ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் நடமாடும். நான் பகல் முழுக்க ஓடித் தேடிக் களைத்துப்போய், அவன் வெளியே வந்திருக்கக்கூடிய நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் பழைய வீட்டுக்குப் போனேன். 11 கிலோமீட்டர் தூரம். வீடு மாறிய புதிதில் தொலைந்த நாய் பழைய வீட்டைத் தேடிப் போவது உண்டு. அதனால் அங்கே பக்கத்து வீட்டுக்காரர்களிடமும், அடுத்துக் குடிவரப் போகிறவர்களிடமும் எண்ணைக் கொடுத்து, வாசலில் என் பழைய சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு வந்தேன். இந்த எண் கொடுக்கும் வேலையை நீங்கள் வீடு காலி செய்யும் முன்பே செய்துவிடலாம், இரண்டு நிமிஷம்தான் ஆகும். பிறகு நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்தபோது நல்ல படம் ஒன்றுகூட இல்லை. போனில் நூற்றுக்கணக்கில் படம் இருந்தது. எல்லாம் அவன் தூங்குவது, பாதி முகம், போர்வைக்குள் மூக்கு. நாலு காலில் நிற்கிற படம், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில் எடுத்தது வேண்டும். உடம்பில் உள்ள மச்சம், தழும்பு, நிற மாற்றத்தைக் கிட்டத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசி அட்டையும் பெட்டிக்குள் இருந்தது. அதைத் தேடி எடுக்க ஆறு பெட்டிகளைப் பிரித்தேன். நாய் உங்களுடையது என்று காட்டவும், பயத்தில் அவன் யாரையாவது கடித்துவிட்டால் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்று சொல்லவும் அந்த அட்டைதான் ஆதாரம். அதைச் சாமானோடு அனுப்பாதீர்கள். கைப்பையில் இருக்கட்டும், ஒரு படம் போனிலும் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் ஏமாந்தேன். நோட்டீஸில் அவன் அடையாளம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதியிருந்தேன். இடது பின்னங்காலில் ஒரு விரல் மட்டும் வெள்ளையாக இருக்கும் என்பது உட்பட. ஒருவர் கூப்பிட்டார். "உங்க நாய் எங்கிட்டதான் இருக்கு, பின்னங்கால்ல ஒரு விரல் வெள்ளை, சரிதானே?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தான் வெளியூர் கிளம்பிவிட்டதாகவும், வண்டி வைத்து அனுப்ப முன்பணம் வேண்டும் என்றும் சொன்னார். யோசிக்காமல் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் அந்த எண் அணைந்துவிட்டது. நோட்டீஸில் எழுதியதையே படித்துக் காட்டியிருக்கிறார். ஒரு அடையாளத்தை எழுதாமல் கையில் வைத்திருங்கள். கூப்பிடுகிறவர் அதை அவராகச் சொல்ல வேண்டும், அல்லது அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நாயைக் கண்ணால் பார்க்கும் வரை யாருக்கும் எதுவும் அனுப்பாதீர்கள். அந்தப் பணம், பாதி இறக்கிய சாமானோடு வண்டி காத்து நின்றதற்கான கூலி, பழைய வீட்டுக்கு அலைந்த செலவு, சம்பளம் இல்லாத விடுப்பு எல்லாம் சேர்ந்து என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது.

நாலாம் நாள் மதியம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். என் புது வீட்டுத் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி வீடு. நோட்டீஸை அப்போதுதான் பார்த்திருக்கிறார். "உங்க புள்ளை என் வீட்டுல ஒரு ராத்திரி இருந்தாம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி மெஷின் வச்சுப் பார்த்தோம். நம்பர் வந்துச்சு. கூப்பிட்டா அந்த நம்பர் இல்லேங்குது. திண்ணையில கட்டி வச்சிருந்தேன், விடிஞ்சு பார்த்தா கயித்தைக் கடிச்சுட்டுப் போயிருக்கான்" என்றார். அவர் குரலில் அவ்வளவு வருத்தம், தானே தொலைத்துவிட்ட மாதிரி. என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டுப் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

சிப் போட்டபோது என் மனசில் இருந்தது, இனி இவன் தொலைய மாட்டான் என்ற நிம்மதி. அது அப்படிப்பட்ட பொருளே இல்லை. அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குப்பி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் தோலுக்கடியில் ஊசியால் போடுவார்கள். அதில் பேட்டரி கிடையாது. நாய் எங்கே இருக்கிறது என்று அது யாருக்கும் சொல்லாது. ஸ்கேனரைச் சில அங்குலத் தூரத்தில் கொண்டுவந்தால், அந்த ஸ்கேனரின் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு ஒரு எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். இப்போது போடுபவை பெரும்பாலும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்யும் 15 இலக்க எண் கொண்டவை. நம் பெயரோ முகவரியோ குப்பிக்குள் இல்லை. அவை ஒரு பதிவேட்டில், அந்த எண்ணுக்கு எதிரே இருக்கின்றன. பதிவேட்டில் இருப்பது பழைய விவரம் என்றால் சிப் சரியாக வேலை செய்தும் நாய் அநாதைதான். என் கதை அபூர்வமானதும் இல்லை. அமெரிக்காவில் 53 காப்பகங்களில் சிப் உள்ள விலங்குகளைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வில், உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனவற்றில் 35 சதவீதத்துக்கு உரிமையாளரின் போன் எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டோ இருந்ததுதான் காரணம். பிறகு ஒரு ராத்திரி தூக்கம் வராமல் தேடியபோது அதைப் படித்தேன்.

ஆகவே வீடு பார்த்து முன்பணம் கொடுத்த அன்றைக்கே அந்தப் பதிவேட்டைத் திறந்து போன் எண்ணையும் முகவரியையும் மாற்றுங்கள். எந்தப் பதிவேடு என்று தெரியாவிட்டால் சிப் போட்ட மருத்துவரிடம் கேளுங்கள். சில இடங்களில் சிப்பைப் போட்டு எண்ணைத் தங்கள் நோட்டில் மட்டும் எழுதி வைத்திருப்பார்கள், பொதுப் பதிவேட்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள். உங்கள் எண்ணோடு இன்னொருவர் எண்ணையும் கொடுங்கள். அவர் உங்களோடு சாமான் வண்டியில் வராதவராக இருப்பது முக்கியம். அன்று மாலை என் போனில் சார்ஜ் தீர்ந்து இரண்டு மணி நேரம் செத்துக் கிடந்தது. வீடு மாறும் முன் ஒருமுறை ஸ்கேன் செய்தும் பாருங்கள். குப்பி போட்ட இடத்திலிருந்து நகர்ந்து தோளுக்கோ முன்னங்கால் பக்கத்துக்கோ போவது உண்டு. கழுத்தில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு "சிப் இல்லை" என்று சொல்லிவிடக்கூடும். மெதுவாக உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிப்பைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். தகட்டைப் படிக்கக் கண் போதும். அவன் கழுத்தில் அந்தத் தகடு இருந்திருந்தால் பெரியவர் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க வேண்டாம். தகட்டில் நாயின் பெயரைவிட எண்ணுக்குத்தான் இடம் கொடுக்க வேண்டும். அச்சடித்தது தேய்ந்துபோகும், செதுக்கியது நிற்கும். கொக்கி மாதிரி வளைத்து மாட்டுவது இழுத்தால் விரிந்துவிடும், சாவிக்கொத்து வளையம் மாதிரி இரட்டைச் சுற்று வளையம் போடுங்கள். புதுத் தகடு வர நாள் ஆகும் என்றால் அழியாத மை பேனாவால் பெல்ட்டின் மேலேயே எண்ணை எழுதிவிடுங்கள். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடைவெளி போதும். செவலைக்குக் கழுத்தைவிடத் தலை குறுகல், பின்னால் இழுத்தால் சாதாரணப் பெல்ட் உருவிக்கொள்ளும். அந்த மாதிரி நாய்க்கு இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பெல்ட் என்று ஒன்று இருக்கிறது. அதோடு நெஞ்சைச் சுற்றிய ஹார்னஸும் போட்டு, கயிற்றை இரண்டிலும் மாட்டினால் ஒன்று கழன்றாலும் இன்னொன்று பிடிக்கும்.

ஐந்தாம் நாளுக்கு வருகிறேன். பெரியவர் வீட்டுக்குப் பின்னால் பாதியில் நின்ற கட்டடம் ஒன்று. ராத்திரி அந்தப் பக்கம் ஒரு நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்த்ததாக அவர் சொன்னார். இந்த முறை யாரையும் கூட்டிப்போகவில்லை. நாலு நாளாகப் போட்டிருந்த சட்டையோடு விடியற்காலை நாலு மணிக்குப் போய் மணல் குவியல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கட்டடத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தை என்னைச் சுற்றிப் போட்டேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கல் உருளும் சத்தம். பார்க்காதே பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் நேராக வரவில்லை. பெரிய வட்டமாகச் சுற்றி, காற்று என் பக்கத்திலிருந்து வீசுகிற இடத்துக்குப் போய் நின்றான். மூக்கைத் தூக்கினான். கடைக்கண்ணில் அந்த மூக்கு அசைவது மட்டும் தெரிந்தது. அடுத்த நொடி ஒரு முனகல், அதுவரை நான் கேட்டிராத சத்தம், என் முதுகின் மேல் அவன் முழு எடையும் விழுந்தது. உடனே கட்டிப்பிடிக்கத் தோன்றும். கூடாது. அவனே வந்து ஒட்டிக்கொள்ளும் வரை கையை மடியிலேயே வைத்திருந்து, பிறகு மெதுவாகப் பெல்ட்டை மாட்டினேன். பாதம் நாலும் வெடித்திருந்தன, எலும்பு தெரிய இளைத்திருந்தான். கயிற்றின் ஒரு துண்டு இன்னும் கழுத்தில் கிடந்தது.

ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நான் வாங்கிவிட்டேன். ஆனால் அது மொபைல் சிக்னல் இருந்தால்தான் இடத்தைச் சொல்லும், சார்ஜ் போட மறந்தால் வெறும் பாரம். வீட்டு எல்லை என்று குறிக்கும் வசதி இருந்தால் அதில் பழைய வீடே பதிவாகியிருக்கும், அதையும் மாற்ற வேண்டும். சாவிக்கு மாட்டுகிற புளூடூத் வகைக் கருவிகள் பக்கத்தில் வேறு யாருடைய போனாவது இருந்தால்தான் வேலை செய்யும். ஆளில்லாத கட்டடத்தில் அவை உதவியிருக்குமா என்பது சந்தேகம்தான். இவை எதுவும் தகட்டுக்கு மாற்று இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் மூன்று வாரம் அவனைக் கயிறில்லாமல் வாசல் பக்கமே விடவில்லை. சுற்றுச்சுவரில் இடுக்கு இருக்கிறதா என்று தரையில் குனிந்து அவன் உயரத்தில் பார்த்தேன். இரண்டு இடத்தில் இருந்தது. ஒரே பாதையில் ஒரே நேரத்தில் நடத்திக் கூட்டிப்போனேன். தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்களுக்கு அவனைக் காட்டி, "ஓடுறதைப் பார்த்தா துரத்தாதீங்க, எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லி வைத்தேன். வண்டியில் போனால் கயிற்றைக் கையில் சுற்றிய பிறகுதான் கதவைத் திறக்கிறேன்.

பெரியவர் ஒரு நாள் அவனைப் பார்க்க வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியில் படித்த 15 இலக்கத்தையும் என் பழைய எண்ணையும் பெரிய பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு முறை கூப்பிட்டதற்கும் பக்கத்தில் ஒரு கோடு, நாலு கோடு. "இனிமே எனக்கு எதுக்கும்மா, நீங்க வச்சுக்குங்க" என்றார். அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதி, அதன் கீழே அடுத்த தடுப்பூசித் தேதியையும் குறித்து, "அன்றைக்கு ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.